வேகம் மட்டும் பார்த்தால் போதாது

அலுவலகத்துக்கு ஃபைபர் இணைய இணைப்பு எடுப்பவர்கள் வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்று பார்த்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போதாது. ஒரு ஃபைபரைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் (GPON) முறையில் ஒரே இழையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் பதிவிறக்கத்தையும் 1.25 ஜிபிபிஎஸ் பதிவேற்றத்தையும் ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் வழியாக 32, சில இடங்களில் 64 இணைப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. விளம்பரத்தில் இருப்பது உச்ச வேகம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேக்கப் ஏற்றினால் கிடைப்பது வேறு. உங்களுக்கு மட்டுமே ஒதுக்கப்படும் லீஸ்டு லைனில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் கடிக்கும்.

அப்புறம் எஸ்எல்ஏ, அதாவது எவ்வளவு நேரம் இணைப்பு தடையில்லாமல் இருக்கும் என்று நிறுவனம் ஒப்பந்தத்தில் தரும் உறுதி. 99.9 சதவீதம் என்றால் பிரமாதமாகத் தெரியும். கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் இணைப்பு படுத்துக்கொள்ளலாம். பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு நிறுவனங்களிடம் வாங்கிவிட்டோம், கவலையில்லை என்பார்கள் சிலர். இரண்டு கேபிளும் ஒரே குழாயில் ஓடினால் பொக்லைன் ஒரு தடவை தோண்டினாலே இரண்டும் காலி! பாதை வேறுவேறா என்று வரைபடத்தோடு கேளுங்கள், கட்டடத்துக்குள் நுழையும் இடம் உட்பட. மின்னஞ்சல் மட்டும் பார்க்கும் சின்ன அலுவலகம் என்றால் இவ்வளவு தேவையில்லை. சாதாரண ஃபைபரும் அவசரத்துக்கு ஒரு 4ஜி சிம்மும் போதும்.