மாத்திரை வரலைன்னு நான் எப்படிச் சொல்ல?

காசநோய்க்கு மருந்து 6 மாதம். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாது என்று உசிலம்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் எங்கள் வேலை. அதே வாயால் "இன்னைக்கு மாத்திரை வரலைண்ணே, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்ல வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

2024 மார்ச்சில் அப்படித்தான் ஆனது. வழக்கமாக மத்திய அரசு மொத்தமாக வாங்கி அனுப்பும் மருந்து அது. திடீரென்று, 3 மாதத்துக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று டெல்லியிலிருந்து கடிதம். விலை கேட்க வேண்டாமா, ஆர்டர் போட வேண்டாமா? கடிதம் ஒரே நாளில் வந்துவிடும், மாத்திரை வருமா?

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். இருந்த அட்டையைக் கத்தரித்து அவருக்குப் பாதி, பின்னால் நின்ற அக்காவுக்குப் பாதி. "நீங்கதானம்மா ஒரு நாள் கூட விடக்கூடாதுன்னீங்க?" என்றார். என்ன பதில் சொல்ல?

மாற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் மருந்து தினசரி மருந்தானது நல்லது. காசநோயாளிகளுக்குச் சத்தான சாப்பாட்டுக்கென்று மாதாமாதம் தரும் 500 ரூபாய் 2024 நவம்பரில் 1000 ஆனதும் ரொம்ப நல்லது. ஆனால் மருந்து வரும் வழியை மாற்றுகிறீர்கள் என்றால், கிட்டங்கியில் எத்தனை நாளைக்கு இருப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் கடிதம் போடுங்கள்.