டைம் சிலிப்புக்குச் சம்பளம் இல்லை

என் கைப்பையின் ஜிப் அறையில் பதினான்கு டைம் சிலிப் இருக்கின்றன. இங்கே மலேசியாவில் அரசாங்க கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் முத்திரை குத்திக் கொடுப்பார்களே, இன்னார் காலை எட்டு மணி முதல் மதியம் ஒன்றரை வரை இங்கேதான் இருந்தார் என்று, அந்தச் சீட்டு. எம்.சி., அதாவது நோய் விடுப்புச் சான்றிதழ், கொடுத்தால் சம்பளம் உண்டு. டைம் சிலிப் கொடுத்தால் முதலாளி மனசு வைக்க வேண்டும். என் முதலாளி வைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் அரை நாள் பிடித்தார். நான் கணக்குப் பிரிவில் இருப்பதால் அந்தப் பிடித்தத்தை நானே டைப் செய்தேன்.

சீட்டுகள் என் பெயரில் இருந்தாலும் நோயாளி என் அண்ணன்.

அண்ணன் லோரி ஓட்டியவர். 2021 கடைசியில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து முதுகில் அடி. கம்பெனி இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. முதுகு ஆறிவிட்டது, ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டின் ஹாலில் டிவியைப் போடாமலே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். "உடம்பு அசதி, வேற ஒன்னும் இல்ல" என்று அண்ணி எல்லாருக்கும் சொல்லிவந்தார். பெரியம்மா யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, ரவாங் பக்கம் ஒரு சாமியிடம் அழைத்துப் போனார். எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் 350 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு டைம் சிலிப் தரவில்லை.

பேரா மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று ஓர் ஊர். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள், அன்றிலிருந்து பாவம் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது கொஞ்சம் ஒரு மாதிரி பேசினால் 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று நானும் சிரித்திருக்கிறேன். கிளினிக் என்று வாயைத் திறக்கவே எங்கள் வீட்டில் நாலு மாதம் ஆனதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

கடைசியில் போனோம். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, காட்டி நம்பர் எடுத்து, ஒரு வெள்ளி கட்டினோம். இளம் டாக்டர் ஒரு தாளைப் பார்த்து மலாயில் ஒன்பது கேள்வி கேட்டார். போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்கள், எத்தனை நாள் தூக்கம் இல்லை, உங்கள் மேலேயே வெறுப்பு வந்ததா, இப்படி. எட்டுக்கு அண்ணன் முனகிக்கொண்டே பதில் சொன்னார். ஒன்பதாவது, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு 'இல்லை' என்றார். தற்கொலைக்கு முயல்வது 2023 வரை இந்த நாட்டில் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின் கீழ் குற்றம். நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தது 2022-இல். எதிரில் இருப்பது டாக்டராகவே இருந்தாலும், குற்றமாக எழுதிவைத்த ஒன்றுக்கு யார் 'ஆமாம்' என்று சொல்வார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த எட்டுக் கேள்விகளையும் அப்புறம் வேறோர் இடத்தில் பார்த்தேன், ஒரு பொருளாதார ஆய்வில். 2008-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் கொஞ்சம் இடம் வந்தது. கேட்டவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லாததால் குலுக்கல் போட்டார்கள். ஆய்வாளர்களுக்கு இது தானாகக் கையில் வந்து விழுந்த சோதனை. பெயர் விழுந்தவரும் ஏழை, விழாதவரும் ஏழை, நடுவில் இருப்பது அதிர்ஷ்டம் மட்டும். ஏமி ஃபிங்கல்ஸ்டைன், கேத்ரின் பெய்க்கர் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியைகளின் குழு, ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாம் அளந்தது. மனச்சோர்வை அளக்க அந்த எட்டுக் கேள்வி. ஒன்பதாவதை அவர்கள் கேட்கவில்லை.

2013-இல் முடிவு வெளியானது. ரத்தக் கொதிப்பில் சொல்லும்படி மாற்றம் இல்லை. கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் அப்படித்தான். இதைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு கூட்டம் 'காப்புறுதி கொடுத்து என்ன பயன்' என்று கிளம்பியது. ஆனால் மனச்சோர்வு? குலுக்கலில் பெயர் விழாதவர்களில் 30 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. காப்புறுதி கிடைத்தவர்களிடம் ஒன்பது விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இத்தனைக்கும் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள் என்று புள்ளிவிவரப்படி உறுதியாகச் சொல்லமுடியவில்லை. கூடவே இன்னொன்றும் குறைந்தது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வைத்தியச் செலவுக்கே போகும் நிலை, அது கிட்டத்தட்ட இல்லாமலே போனது.

பில் பயம் போனதால்தான் மனசு லேசானது என்று அந்த ஆய்வாளர்கள் சத்தியம் செய்யவில்லை. நான் செய்வேன். 'இன்னும் எவ்வளவு ஆகும்' என்று அண்ணி இரவு பத்து மணிக்கு அடுப்படியில் நின்று கேட்ட குரலைக் கேட்டவள் நான்.

அங்கே குலுக்கலில் விழுந்தவருக்குக் கிடைத்தது இங்கே ஐசி வைத்திருப்பவருக்கெல்லாம் கிடைக்கிறது. கிளினிக்கில் ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஐந்து வெள்ளி, மருந்தும் அதிலேயே. இதை யாரும் மனநலக் கொள்கை என்று சொல்வதில்லை. இந்த நாட்டின் மிகப் பெரிய மனநலக் கொள்கை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஒரு வெள்ளி ரொம்ப மலிவு, ஏற்றலாமே' என்று மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி, வைத்திருப்பவர்கள் பேசும்போது எரிச்சல் வருவதும் அதனால்தான். அந்தக் கார்டின் லட்சணத்தையும் பார்த்தாயிற்று. 2024 கடைசியில் பிரீமியம் ஏறிய வேகத்தில், உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடச் சொல்லி மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட வேண்டியிருந்தது. என்னுடைய கார்டில் மனநோய்க்குக் காப்பு கிடையாது, விலக்குப் பட்டியலில் தெளிவாகப் போட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் லேயார்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இன்னொரு வழியில் போனார். 2006-இல் அவர் குழு கொடுத்த அறிக்கையின் கணக்கு ரொம்ப எளிது. ஒருவருக்கு மனசிகிச்சை கொடுக்க 750 பவுண்ட் ஆகும். குணமானவர் வேலைக்குத் திரும்பினால் அரசாங்கம் அவருக்குக் கொடுத்துவந்த உதவித்தொகை மிச்சம், அவர் கட்டும் வரியும் லாபம். செலவு தன்னால் திரும்பிவரும். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளரும் கூட நின்றார். 2008-இல் அங்கே நாடு முழுக்கப் பேச்சு சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. கருணையைச் சொல்லிக் கேட்டிருந்தால் நிதியமைச்சு அசைந்திருக்குமா? கணக்கைக் காட்டினார், அசைந்தது. என் தொழிலுக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டா என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அதே கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன், வரவில்லை. அங்கே ஒருவர் மனச்சோர்வில் வீட்டோடு கிடந்தால் அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது, அதனால் அரசாங்கத்துக்கு வலிக்கிறது. இங்கே என் அண்ணன் எட்டு மாதம் கிடந்தார், அரசாங்கத்துக்கு ஒரு சென் செலவில்லை. செலவு செய்தது அண்ணியின் தாலிச் சங்கிலி. அடகுக்கடை புண்ணியத்தில் ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தப்பினோம். சங்கிலியை அடகு வைத்த ரசீது எந்த அமைச்சின் கோப்பில் ஏறும்? அப்புறம், அண்ணனுக்குப் பதில் அண்ணி அப்படிக் கிடந்திருந்தால்? சம்பளமில்லாத வீட்டு வேலைக்காரி குணமாகித் திரும்பினால் வரியும் வராது, உதவித்தொகையும் மிச்சமாகாது. லேயார்டின் வாதத்தில் அவளுக்குப் பெரிய இடம் இல்லை என்பதுதான் எனக்குக் கசக்கிறது.

சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. 2023-இல் 4.6 விழுக்காடு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். சரியாக இரண்டு மடங்கு. அத்தனை வீட்டிலும் ஏதோ ஒரு சங்கிலி போயிருக்கும்.

எங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டேன். கிளினிக்கும் ஆஸ்பத்திரியும் சேர்த்து இதுவரை கட்டணம் 66 வெள்ளி. பதினான்கு அரை நாளுக்கு என் சம்பளத்தில் பிடித்தது 700 வெள்ளி. போகவர கிராப் வாடகைக் கார் 400-ஐத் தாண்டும். மருத்துவம் மலிவுதான், அதை வாங்கப் போகும் நேரம்தான் விலை. எனக்கு நோய் வந்தால் வேலைச் சட்டத்தில் லீவு உண்டு, அண்ணனை அழைத்துப் போக ஒரு மணி நேரம்கூட இல்லை. அரசாங்கம் பெரிதாக எதையும் கட்ட வேண்டாம். கூடப் போகிறவரின் டைம் சிலிப்புக்கு ஆண்டுக்கு நாலைந்து தடவையாவது சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு ஆசையும் உண்டு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டரும் அல்லாத, உளவியல் படிப்பும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு முறை நோயாளிகளோடு பேசவைத்தார்கள். பலன் இருந்தது. நான்கைந்து ஆண்டு கழித்துப் பொருளாதார ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோதும் அது முழுசாகக் கரைந்துவிடவில்லை. அண்ணன் மலாய் சரளமாகப் பேசுவார், லோரி விலையைப் பேரம் பேசுவார், போலீஸ்காரரிடம் கெஞ்சுவார். ஆனால் மனசு வலிப்பதைச் சொல்ல அவருக்கு மலாய் வரவில்லை. டாக்டரின் கேள்விக்கு "பெனாட்" என்ற ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார், களைப்பு என்று. தமிழில் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்திருந்தால் அந்த ஒன்பதாவது கேள்விக்கு என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். சங்கிலி திரும்பிவந்துவிட்டது. வரும் வியாழன் அடுத்த அப்பாயின்மென்ட், "நீ வேலைக்குப் போ, நானே போய்க்கிறேன்" என்று நேற்று போன் செய்தார். அன்று காலைப் பிள்ளைகளை ஏற்ற யாரிடம் வேனைக் கொடுப்பது, அதற்கு எவ்வளவு கேட்பான் என்று அப்புறம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.