பி.எட். முடித்ததும் இங்கிலாந்து வேலை கிடைக்குமா?

"பி.எட். இருந்தாலே இங்கிலாந்துப் பள்ளியில் வேலை, கியூ.டி.எஸ். சான்றை (இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதி பெற்றவர் என்பதற்கான சான்று) ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மைதான் ஆபத்தானது.

2023 பிப்ரவரியில் இந்தியா உட்பட 9 இடங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தச் சான்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வழி திறந்தது உண்மை. ஆனால் அது கணிதம், அறிவியல், மொழிகள் நடத்துபவர்களுக்கு, அதிலும் 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் திறந்த வழி. மூன்றாம் வகுப்பு டீச்சருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் அப்போது அந்தக் கதவு திறக்கவில்லை. பட்டம், பயிற்சி தவிர, குறைந்தது ஒரு கல்வியாண்டு வேலை பார்த்த அனுபவமும் கேட்கிறார்கள். பணியிலிருந்து தடை செய்யப்படவில்லை என்ற கடிதமும் வேண்டும். போன மாதம் பி.எட். முடித்தவருக்கு இது நடக்காது.

அப்புறம் ஏஜென்ட் எதற்கு? விண்ணப்பம் அரசு இணையதளத்தில், கட்டணமே கிடையாது. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தால் அதற்குச் செலவாகும்.

சரி, சான்று கையில் வந்தாலும் அது விசா இல்லை. ஸ்பான்சர் செய்யும் பள்ளியை நீங்கள்தான் தேட வேண்டும். ஸ்காட்லாந்துக்குப் போவதென்றால் அங்குள்ள ஆசிரியர் கவுன்சிலில் தனியாகப் பதிய வேண்டும்.