ட்வீட்டைப் பிடித்துக் கொடுத்த அதே கை

கொஞ்ச நாளாகத் தாமஸ் நாஸ்ட்டின் கார்ட்டூன்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் பலருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு யானை அடையாளமாக நிலைத்தது இவர் படங்களால்தான். தொப்பையும் வெண்தாடியுமாக இன்று நாம் அறிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்திலும் இவர் கைக்குப் பெரிய பங்கு உண்டு. ஊழலை வீழ்த்திய வீரர் என்று இவரைக் கொண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1871 என்ற ஒரே வருடத்தில் அவர் வரைந்தவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

நாஸ்ட் 1840இல் ஜெர்மனியின் லாண்டாவ் நகரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் நியூயார்க் வந்தார். படிப்பு ஏறவில்லை. பிற்காலத்தில் அவர் வரையும்போது மனைவி சாராதான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். எழுத்தோடு மல்லுக்கட்டிய ஒருவர், எழுத்தறியாத மக்களிடம் நேராகப் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்கு இயல்பாகவே படுகிறது.

அப்போது நியூயார்க் நகரம் வில்லியம் ட்வீட்டின் பிடியில் இருந்தது. டம்மனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைவர் அவர். ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பொய்க்கணக்கு, எல்லாவற்றிலும் பங்கு. 1871 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கணக்குகளை அச்சிட்டது. நாஸ்ட் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் வாராவாரம் அடித்தார். ட்வீட்டின் கூட்டாளிகள் வட்டமாக நின்று, மக்கள் பணத்தைத் திருடியது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டும் படம் ஆகஸ்டில் வந்தது. அக்டோபரில் ட்வீட்டின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பணமூட்டை. எழுதுவதைப் பற்றிக் கவலையில்லை, என் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்தப் பாழாய்ப்போன படங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையே என்று ட்வீட் புலம்பியதாகச் சொல்வார்கள். வெளிநாடு போய் ஓவியம் படியுங்கள் என்று நாஸ்ட்டுக்கு 5 லட்சம் டாலர் வரை பேரம் பேசினார்களாம். அவர் மசியவில்லை. நவம்பர் தேர்தலில் டம்மனி படுதோல்வி அடைந்தது. ட்வீட் மட்டும் தன் தொகுதியில் ஜெயித்தார், ஆனால் அடுத்த மாதமே கைது.

சரி, அதே 1871இன் செப்டம்பர் 30 இதழுக்கு வருவோம். ‘அமெரிக்கக் கங்கை நதி’ என்று ஒரு படம். ஆற்றிலிருந்து முதலைகள் கரையேறுகின்றன. உற்றுப் பார்த்தால் அவை கத்தோலிக்க ஆயர்கள், அவர்கள் தலையணிதான் முதலையின் வாய். கரையில் பள்ளிக் குழந்தைகள் நடுங்குகிறார்கள். இந்தியத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கங்கை முதலைகளுக்கு எறிகிறார்கள் என்று மிஷனரிகள் பரப்பிய படிமம் அது. நம்மைப் பற்றிய ஓர் அவதூறை எடுத்து இன்னொரு மக்களைத் தாக்கியிருக்கிறார். மதப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரலாமா என்பதுதான் அன்றைய விவாதம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இதுவா? கத்தோலிக்கர்களான ஐரிஷ் குடியேறிகளை அவர் பெரும்பாலும் வரைந்தது குரங்கு முகத்தோடு, கையில் மதுப்புட்டியோடு.

அந்தக் காலத்து மனிதர், அப்படித்தான் இருப்பார் என்கிறார்கள். இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் அதே 1871 பிப்ரவரியில் அவர் வரைந்த ‘சீனர் பிரச்சினை’. கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் ஒரு சீனருக்கு முன்னால் கொலம்பியா என்ற பெண்ணுருவில் அமெரிக்காவே காவலாக நிற்கிறது. சீனர்களுக்காகப் பேச அதிகம் ஆளில்லாத நேரத்தில் வந்த படம். அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகவும் அவர் உருக்கமாக வரைந்தவர். அவமதிக்கப்பட்டவனை மனிதனாகப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

ஆனால் அந்தச் சீனரை மிரட்டும் கூட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே ஐரிஷ் முகம். பின்னால் எரிவது கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லம், 1863இல் நியூயார்க்கில் நடந்த கலவரத்தில் கொளுத்தப்பட்டது. கொளுத்திய கும்பலில் ஐரிஷ்காரர்கள் நிறைய இருந்தது உண்மை. அவர் கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஒரு கும்பலின் குற்றத்தை ஓர் இனத்தின் மூஞ்சியாக்கியதை மன்னிக்கத்தான் முடியவில்லை. 1876இல் கறுப்பின வாக்காளரையே கோமாளியாக வரைந்து, தராசில் ஐரிஷ்காரருக்கு எதிர்த்தட்டில் உட்கார வைத்தார்.

பிற்பாடு பணத்தை இழந்து, பத்திரிகையைப் பிரிந்து, 1902இல் தூதரக வேலைக்கு ஈக்வடார் போய், அதே டிசம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

ட்வீட் கதைக்கு இன்னொரு கட்டம் உண்டு. 1875இல் காவலிலிருந்து தப்பி, கியூபா வழியாக ஸ்பெயின் போனார். அங்கே அதிகாரிகள் அவரை அடையாளம் கண்டது நாஸ்ட்டின் ஒரு படத்தை வைத்துத்தான். கைதி உடையில் ட்வீட், பிடியில் இரண்டு சிறுவர்கள். ஆங்கிலம் தெரியாத அவர்கள், இவர் பிள்ளை பிடிப்பவர் போலிருக்கிறது என்று நினைத்தார்களாம். படத்தின் பொருள் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, முகம் மட்டும் போய்ச் சேர்ந்தது. ட்வீட் விஷயத்தில் அது சரியான ஆளின் முகம். நாஸ்ட் வரைந்த அந்தக் குரங்கு முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் வேலை கேட்டு வாசலில் நின்ற ஐரிஷ்காரரை எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்கள்?