ஜப்பானியர் குழந்தையைக் கைவிட்டு முதியவரைக் காப்பாற்றுவார்களா?

“பிரேக் பிடிக்காத தானியங்கிக் கார் யார்மீது மோதலாம் என்று கேட்டால், மேலைநாட்டவர் குழந்தையையும் சீனரும் ஜப்பானியரும் முதியவரையும் காப்பாற்றுவார்கள்” என்று ஒரு வரைபடத்துடன் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

ஆதாரமாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ‘மாரல் மெஷின்’ ஆய்வு. இத்தகைய கார் யாரைக் காக்க வேண்டும் என்று இணையத்தில் மக்களிடம் கேட்ட ஆய்வு அது. 2018 அக்டோபரில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியானது. ஏறக்குறைய 4 கோடி தீர்ப்புகள், 233 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும். அதில் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று நாடுகள் மூன்று திரளாகப் பிரிந்தன. சீனாவும் ஜப்பானும் உள்ள கிழக்குத் திரளில் இளையவரைக் காக்கும் சாய்வு குறைவு. குறைவு என்றுதான் ஆய்வு சொல்கிறது. தலைகீழ் என்று சொல்லவில்லை.

குழப்பம் வரைபடத்தைப் படிப்பதில் நேர்கிறது. நடுக்கோட்டில் உள்ள சுழியம் அந்தச் சாய்வின் உலக சராசரி. ஒரு நாட்டின் பட்டை இடப்பக்கம் நீண்டால் அது சராசரிக்குக் கீழே, அவ்வளவே. வகுப்பு சராசரி 80 இருக்க 65 எடுத்தவரைத் தேறாதவர் என்பீர்களா?

பதிலளித்தவர்கள் தாமாக இணையத்தில் வந்தவர்கள், பெரும்பாலும் இளம் ஆண்கள். எந்த நாட்டுக்கும் சரியான மாதிரி அல்ல. திரையில் பொத்தானை அழுத்தியவர் சாலையிலும் அப்படியே நடப்பார் என்பதற்கும் இதில் சான்று கிடையாது.

கூடுதல் உயிர்களைக் காப்பது, விலங்கைவிட மனிதரைக் காப்பது: இந்தச் சாய்வுகள் மூன்று திரளிலும் உண்டு. பரவும் செய்தி அதைச் சொல்வதே இல்லை.