இறகு கட்டினால் ஒழுங்காகக் கட்டுங்கள்

ஐந்தே ஐந்து காஸ்ட், அதாவது தூண்டிலை ஐந்து தடவை எறிந்ததுதான். எண்ணித்தான் சொல்கிறேன். இன்று விடியற்காலையில் புது பாப்பர் (தண்ணீரின் மேல் மிதக்கிற லூர், அதாவது மீனை ஏமாற்றுகிற போலி இரை) ஒன்றைப் பிரித்து, தூண்டில் நூலின் நுனியில் இருக்கிற ஸ்னாப் கொக்கியில் மாட்டி எறிந்தேன். ஐந்தாவது தடவை சுற்றி இழுக்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால், பின்பக்கத்து ட்ரெபிள் ஹூக்கில், அதாவது மூன்று முள் சேர்ந்த கொக்கியில், இருந்த வெள்ளை இறகில் பாதியைக் காணோம். கட்டியிருந்த சிவப்பு நூல் அவிழ்ந்து தொங்குகிறது. விரல் பட்டதும் மிச்சமும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. மீன் கடிக்கவில்லை. பாறையில் உரசவில்லை. செடியில் சிக்கவில்லை. தண்ணீர் பட்டது, அவ்வளவுதான்.

அந்த ஹூக்கைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தடவியது போல வழுவழுவென்ற தண்டு. அதன் மேல் முதலில் நூலைச் சுற்றி ஒரு பிடிமானம் கொடுத்திருக்க வேண்டும், அது இல்லை. இறகின் அடித்தண்டை அப்படியே வெறும் கம்பியில் வைத்து ஆறேழு சுற்று சுற்றியிருக்கிறார்கள். கடைசி முடிச்சும் இல்லை! நூலை வெட்டிவிட்டு மேலே ஒரு சொட்டு பசை. அந்தப் பசையும் நூலுக்குள் ஊறவில்லை, மேலே ஓடு மாதிரி காய்ந்து நிற்கிறது. நகத்தால் நெம்பினால் பொட்டென்று தெறிக்கிறது. இதற்குத்தான் வெறும் முள் இருக்கிற அதே பாப்பரைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்தேன்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "இறகுதானே, போனால் போகிறது, மீன் கடிக்க வேண்டுமென்றால் கடிக்கும்." இந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இறகு அழகுக்கு ஒட்டிய குஞ்சம் இல்லை. அது வேலை செய்கிற பாகம்.

தூண்டில் கம்பைச் சுண்டிப் பாப்பரை ஒரு வெட்டு வெட்டினால் அதன் குழிந்த வாய் தண்ணீரைக் 'பளக்' என்று துப்பும். அப்புறம் நாம் நிறுத்துவோம். வளையங்கள் விரிந்து அடங்கும். அந்த இரண்டு மூன்று நொடி அசையாமல் கிடக்கும்போதுதான் பாதி மீன் வந்து அடிக்கும். அந்த நேரத்தில் லூரின் உடம்பில் உயிரே இல்லை, அது வெறும் பிளாஸ்டிக். வால் பக்கம் மட்டும், இழுக்கும்போது ஒட்டிப் படுத்திருந்த இறகுகள் மெதுவாக விரியும். தண்ணீரின் சின்ன அசைவுக்கெல்லாம் மூச்சு விடுவது போல ஆடும். கீழேயிருந்து நிமிர்ந்து பார்க்கிற மீனுக்கு அந்த ஆட்டம்தான் தெரியும். மூன்று முள்ளும் அதற்குள் மறைந்துவிடும். கடிக்கிற மீன் அசைகிற இடத்தைக் கடித்தால், முள் இருப்பதும் அதே இடத்தில்தான். இவ்வளவு யோசித்து யாரோ கண்டுபிடித்த விஷயம் இது. ஹூலா பாப்பர் என்கிற பழைய லூரின் பின்னால் தொங்குகிற ரப்பர் பாவாடையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. இறகு தண்ணீரைப் பிடித்து இழுக்கும். அதனால் வெட்டு கொடுத்ததும் பாப்பர் முன்னால் ஓடாமல் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் திறந்த இடம் இருந்தால், அதற்குள்ளேயே நாலு தடவை துப்பவைக்கலாம். இறகு போய்விட்டால் இரண்டாவது வெட்டிலேயே இலைக்குள் போய் முட்டும். வால் பக்கத்து எடையும் மாறும், மிதக்கிற சாய்வும் மாறும். அதாவது நான் வாங்கிய லூர் ஒன்று, ஐந்தாவது காஸ்ட்டுக்குப் பிறகு என் கையில் இருந்த லூர் வேறு.

சரி, இறகு இவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றிலும் கட்டலாமா? கூடாது. அடுத்த எரிச்சல் அதுதான். இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டே வழுக்கிப் போகிற ஸ்டிக்பெய்ட் என்கிற குச்சி மாதிரி லூரின் பின்னால் கொத்துக் கொத்தாக நீள இறகைக் கட்டி விற்கிறார்கள். அந்த லூரின் உயிரே வால் சறுக்குவதில் இருக்கிறது. அங்கே போய் இவ்வளவு இறகைக் கட்டினால் வாலைக் கயிறு போட்டுப் பிடித்த மாதிரிதான். பெட்டிக்குள் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரில் மரக்கட்டை மாதிரி நேராக வரும். நீளத்துக்கும் கணக்கே இல்லை. முள்ளின் வளைவைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டால் போதும். அதற்கு மேல் விட்டால் மீன் நுனியை மட்டும் கவ்விவிட்டுப் போகும். உடம்பு குட்டையான லூர் என்றால் எறியும்போதே காற்றில் மடங்கி வயிற்று முள்ளில் சிக்கிக்கொள்ளும். ஒரு நல்ல காஸ்ட் வீண்.

சாயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போன மாதம் ஈரத்தோடு பெட்டியில் வைத்த ஒரு சிவப்பு இறகு, பக்கத்தில் கிடந்த வெள்ளை லூரின் வயிற்றை ரோஸ் நிறமாக்கிவிட்டது. ஈரத்தோடு மூடியது என் தவறுதான். இறகு தண்ணீரைப் பிடித்துவைத்து முள்ளைத் துருப்பிடிக்க வைக்கும், காயவைத்துத்தான் மூட வேண்டும். அதற்காகச் சாயம் கரைந்து ஓடலாமா? தண்ணீருக்குள் போட்டு இழுப்பதற்கென்றே செய்த பொருள் இது!

சீலா மாதிரிப் பல்லுள்ள மீன் கடித்து இறகு கிழிந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அது நியாயமான தேய்மானம். மீனே வராமல் அவிழ்வதைத்தான் கேட்கிறேன். அவிழ்ந்த நூலும், இறகோடு சேர்த்துக் கட்டிய பளபள பிளாஸ்டிக் இழையும் எங்கே போகின்றன? நாம் மீன் பிடிக்கிற அதே தண்ணீரின் அடியில்தான் கிடக்கும்.

ஒழுங்காகக் கட்ட எவ்வளவு நேரமாகும்? இன்று மத்தியானம் நானே உட்கார்ந்து கட்டினேன். தண்டு முழுக்க முதலில் நூல், அதில் மெல்லியதாகப் பசை. இரண்டிரண்டு முள்ளுக்கு நடுவில் ஒரு இறகு, வளைவு வெளிப்பக்கம் பார்த்து. சுற்றை நெருக்கமாக இறுக்கி, நூலை அதன் அடியிலேயே செருகி இழுத்து முடிச்சு. மேலே இரண்டு பூச்சு, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று. காய்கிற நேரம் போக ஒரு முள்ளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இதில் பாதி போதும். நசுங்கிப்போன பழைய இறகைக்கூடக் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டினேன், நிமிர்ந்துவிட்டது. இறகு பாவம், அதன் மேல் குற்றமே இல்லை.

இனிமேல் இறகு கட்டிய லூர் வாங்கினால், கடையிலேயே பெட்டியைத் திறந்து அந்த இறகைப் பிடித்து இழுத்துப் பார்க்கப் போகிறேன். திறக்க விடாவிட்டால் வெறும் முள் போட்டதை வாங்கிக்கொண்டு வருவேன்.