மனசு ஒப்பாததும் ஒரு கணக்குதான்

உணர்ச்சியை ஓரங்கட்டினால்தான் அறிவு ஒழுங்காக வேலை செய்யும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ தன் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையின் முன்பகுதியில் பாதிப்பு. அறிவுக்கூர்மை அப்படியே இருந்தது, உணர்ச்சிதான் மங்கிப்போனது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும், டைரியைப் புரட்டி, அன்று வேறு வேலை இருக்கிறதா, வானிலை எப்படி இருக்கும் என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் அலசினாராம். கடைசியில் டாக்டரே ஒரு தேதியைச் சொல்ல, சரி என்று கிளம்பிவிட்டார். காரணங்களுக்குப் பஞ்சமில்லை, எது முக்கியம் என்று உறுத்த உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நானும் ஒருமுறை மனை வாங்கப் போனேன். பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரி. ஆனால் விற்பவர் அட்வான்ஸுக்கு அவசரப்படுத்திய விதத்தில் வயிற்றைப் பிசைந்தது, விட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, மனைக்குப் போகும் பாதை பக்கத்து நிலத்துக்காரருடையது. அந்தப் பயத்தை அறிவில்லாதது என்று எப்படிச் சொல்வது?

ஆனால் கரப்பான் பூச்சியைக் கண்டு நான் நாற்காலிமேல் ஏறுவதற்கெல்லாம் நியாயம் கேட்காதீர்கள்.